இறங்கும்போது தெரியும் பக்கம்

உப்பு வைக்கவில்லை என்று ஒரு கல்யாணப் பந்தியில் நான் போட்ட சண்டையில்தான் என் நோய் முதலில் வெளியே தெரிந்தது.

சின்னமனூரில் என் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சோறு வந்தது, சாம்பார் வந்தது, வலது ஓரத்தில் அப்பளம் வந்தது. உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, இனிப்பும் இல்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எல்லாம் வச்சிருக்கேண்ணே. இலையப் பாருங்க.”

“எங்கனய்யா வச்சிருக்க? மாப்பிள்ளை வீட்டாளுகளுக்கு ஒரு பந்தி, எங்களுக்கு ஒரு பந்தியா?”

நம் பக்கத்தில் நுனியை இடப்பக்கம் வைத்துத்தான் இலை போடுவார்கள். உப்பும் ஊறுகாயும் இனிப்பும் அந்த இடது ஓரத்தில்தான் இருக்கும். அன்றும் இருந்தன. எனக்குத்தான் இலை நடுவிலிருந்து தொடங்கியது. பக்கத்து இலைக்காரர் என் இலையை மெல்ல வலப்பக்கம் இழுத்தார். உப்பு வந்துவிட்டது. “இப்பத்தானய்யா வைக்கிற” என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது என் மனைவி பேச்சியம்மாள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. அதற்குள் அவள் மனதில் காலையிலிருந்து நடந்தவை எல்லாம் வரிசையாக வந்திருக்க வேண்டும். வரும்போது ஜீப் இடது ஓரத்து மண்ணில் இறங்கி இறங்கி ஏறியது. அவள் கத்திக்கொண்டே வந்தாள். அதற்கு முன், விடிகாலை டிரிப்பில், வழக்கமாக ஏறும் பெண்கள் கையைக் காட்டிக்கொண்டு நிற்க, நான் அவர்களைத் தாண்டிப் போய்விட்டதாக ஊரே பேசியது.

“சாவியக் குடுங்க” என்றாள். முதல் முறையாக அவள் என்னிடம் சாவி கேட்டது அன்றுதான்.

நான் கூடலூர்க்காரன். தொண்ணூற்றாறில் ஜீப் வாங்கினேன். காலையில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவேன். மாலையில் அவர்களோடு இறங்குவேன். எங்கள் ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், டிரைவருக்கு வலப்பக்கமும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். பாதி உடம்பு வெளியே தொங்கும். இடப்பக்கம் கியர் கம்பியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இன்னொருவர். அந்த நெரிசலில் தூக்குவாளிச் சோற்றின் வாசமும் மல்லிகைப்பூ வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து அடிக்கும். பனியில் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே ஏறுவோம். இப்போது நினைத்தாலும் அந்த வாசம் மூக்கில் ஏறுகிறது. எனக்கு வந்த நோய் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வந்திருந்தால், நீங்கள் எதை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்களோ, அது எனக்கு இந்த ஸ்டியரிங்தான்.

தேனியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவதால் உடம்பில் ஒரு பக்கம் தளர்வது) என்றார்கள். அடைப்பு மூளையின் வலப்பக்கம், அதனால் தளர்ச்சி உடம்பின் இடப்பக்கம். ஆனால் என் கை கால் அப்படி ஒன்றும் விழுந்துவிடவில்லை. கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். எனக்கு ஒன்றுமே இல்லை, வீணாகப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இருந்த ஒரே குறை, பேச்சியம்மாள் வரவில்லை என்பது. பார்க்க வந்த எல்லாரிடமும் சொன்னேன். “கட்டின பொண்டாட்டி எட்டிப் பாக்கல. தம்பிகாரனத்தான் அனுப்பி வச்சிருக்கா.” வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு வேறெங்கோ பார்த்தார்கள். குற்றம் அவள் மேல்தான் என்று நான் முடிவு கட்டினேன்.

டாக்டர் ஒருநாள் என் வலப்பக்கம் வந்து நின்றார். என் தாடையைப் பிடித்து முகத்தை இடப்பக்கமாகத் திருப்பினார், இன்னும் திருப்பினார். அங்கே ஸ்டூலில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். என் இடது கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

“எப்ப வந்த?” என்றேன்.

“வந்த அன்னைக்கிருந்து இங்கனதான் இருக்கேன்” என்றாள்.

வலப்பக்கம் குளுக்கோஸ் ஸ்டாண்டு நின்றதால் அவளுக்குக் கிடைத்த இடம் அதுதான். நான் அவளைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அழுதேன். பிறகு தலை தானாக வலப்பக்கம் திரும்பிவிட்டது. அவள் மறுபடியும் இல்லாமல் போனாள்.

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் ஒரு பக்கத்தை மூளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது) என்று பெயர். இதில் பெரிய சங்கடம், விட்டுப்போனது நமக்கே தெரியாது. இருட்டாகத் தெரியாது, மங்கலாகத் தெரியாது. அப்படி ஒரு பக்கமே உலகத்தில் இல்லாதது போலிருக்கும். அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் வேண்டுமென்று செய்வதாக நினைத்துக் கோபப்படாதீர்கள்.

“ஜீப்பு எப்ப ஓட்டலாம்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“இப்பச் சொல்ல முடியாது. தேனியில பயிற்சிக்குப் போங்க. படம் வரையச் சொல்வாங்க. வரைங்க.”

ஸ்டியரிங்கைக் கேட்டால் பென்சிலைக் கொடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாம்பழம்கூட நான் வரைந்தது கிடையாது.

தேனியில் பயிற்சி கொடுத்தவர் தேவாரத்துப் பெண். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். ஒரு பூவின் படத்தை வைத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னார். வரைந்தேன். பேச்சியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இதழ்கள் எல்லாம் வலப்பக்கமே இருந்தனவாம்.

“எனக்குப் படம் வராது மேடம். பழக்கமில்ல.”

“பழகிட்டா வந்துரும்ல?”

“வந்துரும்.”

“அப்பப் பழகுங்க. அதுக்கப்புறம் எது பழக்கமில்லாததால விட்டது, எது நோயால விட்டதுன்னு தனியாத் தெரியும்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பழுது பார்க்கும்போதும் அப்படித்தான், முதலில் அழுக்கைத் துடைத்தால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தாளில் வைக்க வேண்டும்.

கடிகாரம் எனக்கு அடிக்கடி வைக்கும் பரீட்சை. நான் போடும் எண்கள் எல்லாம் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். டிரைவர் புத்தியில் ஒரு வழி கண்டேன். பன்னிரண்டு மேலே, குமுளி. அங்கிருந்து ஆறுவரைக்கும் இறங்குகிற டிரிப். ஆறில் ஊர். ஏழிலிருந்து ஏறுகிற டிரிப். ஏறுவதற்கு இடம் வேண்டுமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போட்டால் கடிகாரம் சரியாக வந்தது. பூவுக்கும் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு பாட்டு வைத்துக்கொண்டேன். மேடம் பார்த்தார். பாராட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். இதில் சிவப்புக் கோடு இல்லை.

“கூடலூர்ல ஜீப்ப எடுக்குறீக. குமுளிக்குப் போறீக. வழியில இருக்கிறத எல்லாம் வரைங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ரோடு என் கையில் இருக்கிற ரோடு. ரேகை மாதிரி நெளித்து ஒரு கோடு போட்டேன். பஞ்சர் கடை, புளியமரம், திராட்சைப் பந்தல், கொய்யாப்பழம் விற்கிற அம்மாவின் கூடை, மலை ஏறுமுன் எல்லா டிரைவரும் சூடம் கொளுத்துகிற சின்னக் கோயில். மரம் குச்சியாக இருந்தது, கோயில் தீப்பெட்டியாக இருந்தது. ஆனால் ஒன்றையும் விடவில்லை என்று நினைத்தேன்.

“இப்பக் குமுளியில இருந்து இறங்குங்க” என்று இன்னொரு தாள் கொடுத்தார்.

இறங்கினேன். இட்லிக்கடை, தென்னந்தோப்பு, வாய்க்கால் படிக்கட்டு, ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும் சலூன். எல்லாம் வந்தன. இரண்டு தாளையும் பேச்சியம்மாளிடம் கொடுத்தார் மேடம். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“ஏறும்போது சோத்தாங்கைப் பக்கம் மட்டுந்தான் போட்டிருக்காக. இறங்கும்போது அந்தப் பக்கத்தக் காணோம், மத்தப் பக்கந்தான் இருக்கு. ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு ரோடு.”

எதிரே இருப்பதைப் பார்ப்பதில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். மனசுக்குள் ஓடுகிற ரோட்டிலும் பாதியைக் காணோம். ஆனால் மேடத்துக்கு அன்று சந்தோஷம். “எதுவும் தொலையல. ரோடு முழுசா உள்ள இருக்கு. எடுக்கத்தான் பழகணும்” என்றார். பாட்டெல்லாம் இனிமேல் வேண்டாம் என்றும் சொன்னார். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வரைவதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நோய்க்காலம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜீப்பைப் பேச்சியம்மாளின் தம்பி குமரேசன் ஓட்டினான். மதியம் வெயில் சாயும்போது நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அவள் என் இடப்பக்கம் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். அவள் எப்போதும் பச்சை வளையல் போடுகிறவள், அப்போது சிவப்புக்கு மாறினாள். நான் வலப்பக்கமே மயங்கிக் கிடந்தால் அந்தக் கையைக் குலுக்குவாள். வளையல் சத்தத்துக்குத் திரும்புவேன்.

டம்ளரின் வாய் வட்டம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்து வரைந்தால் அது அமுங்கின வட்டம். திராட்சை இலைக்கு எத்தனை மடிப்பு, மொச்சை நெற்றுக்குள் விதை எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்றெல்லாம் அப்போதுதான் பார்த்தேன். நான் ஜீப் ஓட்டிய காலம் முழுக்க எதையும் தாண்டிப்போவதற்காகத்தான் பார்த்திருக்கிறேன். ரப்பர் தேயத் தேய அழித்தேன். முதல் முறையாக ஜீப்பின் சக்கரம் உருளும் போலத் தெரிந்த அன்று, தெருவில் போனவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மதியங்கள் திரும்ப வருமா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

குமரேசன் தினமும் கேட்பான். “மாமா, எப்ப ஏறுவீக?” எனக்கும் அவசரம்தான். மதுரை டாக்டரிடம் போகும் நாள் வந்தது. முந்தின நாள், பாட்டு இல்லாமல், சிவப்புக் கோடு இல்லாமல், தாளைத் திருப்பாமல், ஒரே ஏற்றத்தில் குமுளி ரோட்டை வரைந்தேன். இந்தப் பக்கம் புளியமரம், அந்தப் பக்கம் இட்லிக்கடை. இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் வாய்க்கால். இரண்டு பக்கமும் நின்றன. மரம் மரமாக இருந்தது. இதைக் காட்டினால் டாக்டர் மறுக்க முடியாது என்று தோன்றியது. பேச்சியம்மாளிடம் நீட்டினேன்.

அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “அத்தனையும் இருக்கு” என்றாள். கண் நிறைந்திருந்தது. பிறகு விரல் நின்றது.

“கொய்யாப்பழக்காரம்மா இருக்காக. பஞ்சர் கடையில ஆளு இருக்கு. அம்புட்டும் சோத்தாங்கைப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு ஆளக் காணோமே.”

பார்த்தேன். இட்லிக்கடை இருந்தது, சாப்பிட யாரும் இல்லை. சலூன் இருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. காலையில் தூக்குவாளியோடு வரிசையாக நின்று கை காட்டும் பெண்களில் ஒருத்திகூட இல்லை. ஜீப்புக்காக நிற்கிறவர்கள் இடப்பக்கம்தான் நிற்பார்கள்.

“மரம் நின்ன இடத்துலயே நிக்கும். மனப்பாடம் பண்ணி வரைஞ்சிருவீக” என்றாள் மெதுவாக. “பிள்ளைக குறுக்க ஓடுமே.”

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தாளைக் கசக்கப் போனேன், மனசு வரவில்லை. அவ்வளவு பாடுபட்டு வரைந்த மரங்கள். எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த ஜீப்பின் இரண்டாவது சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கல்யாண வீட்டில் அவள் கேட்டு வாங்கினாள், இது நானாகக் கொடுத்தது. மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்கும்முன்பே, “ஓட்டுறது வேண்டாம்” என்றார். தெரியும் என்றேன்.

அன்று இரவு அழுதேன் என்பதை மறைக்கப்போவதில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். அழுங்கள். ஆனால் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது வருடங்கள் ஓடிவிட்டன. தினமும் வரைகிறேன், பெரிய ஓவியன் ஒன்றும் ஆகவில்லை. இடது கை சட்டைப் பொத்தானுக்குத் தாமதமாக வரும், நான் காத்திருக்கிறேன். எதையும் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுவதில்லை. மனிதரோ ரோடோ, போய்த் திரும்பினால்தான் எனக்கு முழுதாகத் தெரிகிறது. என் நாள் அதனால் மெதுவாக நடக்கிறது. அவசரமாகப் போக எனக்கு எந்த இடமும் இல்லை.

போன வாரம் குமரேசனோடு மலைக்குப் போய்விட்டு இறங்கினேன். பேச்சியம்மாள் பின்னால் இருந்தாள், நான் முன்னால், இடது ஓரத்தில். எதிரே வந்த ஒரு லாரிக்கு வழி விட்டு அவன் வலப்பக்கமே கவனமாக வந்தான். நான் பழக்கப்படி தலையைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். புளியமர நிழலில் தூக்குவாளியோடு ஒரு பெண் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

“நிப்பாட்டு மாப்ளே, ஆளு நிக்குது” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் வலது கால், காலடியில் பிரேக் இல்லாத வெறும் தகரத்தை அழுத்தி மிதித்திருந்தது. ஜீப் நின்றது.