ஏழாம் பக்கத்தில் முதல் பக்கத்தார்

பெற்றவர்கள் வைத்த பெயர் செய்திக்குக் கீழே மட்டும்தான். ஊருக்கு அவர் முதல் பக்கத்தார். பத்திரிகையில் சினிமாக் காட்சி நேரங்களைத் திருத்தும் மேசையில் தொடங்கி, நீதிமன்றம், சட்டசபை என்று ஏறியவர். அக்கரையைத் தொடாமலே திறப்புவிழா கண்ட ஒரு பாலத்தைப் பற்றி எழுதி, அமைச்சர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் எழுதிய எதுவும் உள்பக்கத்துக்குப் போனதில்லை. ஓய்வு பெற்ற பின்னும், முதல் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் காலைக் காபி.

பித்தப்பைக் கல்லை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்தார். படுத்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். பிரபலம் யாராவது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால், பத்திரிகை ஆபீசில் இரங்கல் செய்தி தயாராகிவிடும். அவரே எத்தனையோ பேரை உயிரோடு எழுதி வைத்தவர். அவர்கள் கல்யாண வீட்டில் எதிரே வந்து நலம் விசாரித்தால் முகத்தைப் பார்க்கக் கூசுவார். இப்போது தன்னுடையது எந்தப் பக்கம்?

தையல் பிரித்த கையோடு ஆபீசில் போய் நின்றார். செய்தி ஆசிரியர், ஒரு காலத்தில் அவரிடம் வேலை கற்ற பெண், உடம்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசி மழுப்பிப் பார்த்தாள். கிழவர் நகரவில்லை. வேறு வழியின்றித் திரையைத் திருப்பினாள். ஏழாம் பக்கம், மூன்று பத்தி. தலைக்கு மேலே மெத்தை விளம்பரம்.

"ஏம்மா, நான் என்ன காணாமப் போன நாய்க்குட்டியா? ஏழாம் பக்கத்துல போடுறே?"

"அது என் கையிலயா சார் இருக்கு? அன்னிக்கு வேற பெரிய செய்தி இல்லேன்னா நீங்க முதல் பக்கம்தான். நீங்கதான் கொஞ்சம் நாள் பாத்து வரணும்."

கிழவருக்கு அது தெரியாததா? பாலச் செய்தி வெளியான அன்று, காலமான பெரிய பாடகர் ஒருவரை ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளியதே அவருடைய செய்திதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மூன்று பத்தியில் 'ஈடுசெய்ய முடியாத' என்பதை மட்டும் வெட்டிவிட்டு வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து காலையில் பேப்பரை விரித்ததும் கண் முதல் பக்கத்தில் இடம் தேடும். முதலில் தேர்தல் வந்தது. பிறகு பட்ஜெட், புயல், உலகக் கோப்பை. ஒரு நாளும் தோதாக அமையவில்லை.

"இன்னிக்கும் எடமில்ல," என்று மனைவியிடம் திருப்தியாகச் சொல்லி, இரண்டாவது காபிக்கு டம்ளரை நீட்டினார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் அவள். "அப்ப எழுந்து வந்து இந்த கேஸ் சிலிண்டர மாத்துங்க."