கட்டாரில் பிறந்த தலவாக்கலைக்காரி

என் மகள் கட்டாரில் பிறந்தாள். நானும் என் கணவரும் அங்கே ஒரே உணவகத்தில் வேலை செய்தோம். அவர் சமையலில், நான் கல்லாவில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நான் வேலையை விட்டுவிட்டு, தலவாக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுடைய பிறப்பை அங்குள்ள நம் தூதரகத்திலேயே பதிந்திருக்கலாம். ஆனால் அதற்குத் தேவையான என் கணவரின் பிறப்புச் சான்றிதழ் ஊரில், எங்கள் லயத்து வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தது. நாடு திரும்ப மட்டும் ஒரு பயணப் பத்திரம் கொடுத்து, பிறப்புப் பதிவையும் பிரஜாவுரிமையையும் பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள் கொழும்பில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வந்த இடத்தில் பிள்ளைக்குச் சளி, எனக்குக் காய்ச்சல், பிறகு விடாத மழை என்று மாதங்கள் ஓடிவிட்டன. முதல் பிறந்தநாள் நெருங்கியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

என் மாமனார் இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். ஆனாலும் பாதி வயசு வரைக்கும் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாத நாடற்றவர் என்றுதான் எழுதப்பட்டிருந்தார்.

"நமக்கு அவ்வளவு சுலுவாக் குடுத்துர மாட்டாங்க தாயி. எனக்குக் கெடைக்கிறப்ப தல நரைச்சிருச்சு" என்றார்.

என்னோடு கொழும்புக்கு வந்தது என் மதினி, கணவரின் அக்கா. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இளவயதில் கொழும்பில் வீட்டு வேலை செய்ததால் சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. "நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு வா, பேசுறத நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

குடிவரவு அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது, மேசையில் இருந்த பெண் அலுவலர் பத்திரங்களைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மதினி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பேரு பாஸ்போட்ல ஒரு மாதிரி, பர்த் சர்டிபிகேட்ல ஒரு மாதிரி இருக்காம்."

பிறப்புச் சான்றிதழில் கடைசி இரண்டு எழுத்தைக் காணவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் சொன்ன பெயரை யாரோ காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக்கடதாசியும் கிராம சேவகரின் கடிதமும் வேண்டுமாம். பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் எழுந்துவிட்டேன்.

மதினி எழுந்திருக்கவில்லை. இது ஒன்றுதான் குறையா, வேறு ஏதும் உண்டா, எல்லாவற்றையும் இப்போதே பார்த்துச் சொல்லுங்கள், மலையிலிருந்து வருகிறோம் என்று நிதானமாகக் கேட்டார். அந்த அலுவலர் முகம் சுளிக்காமல் கட்டு முழுவதையும் பார்த்தார். வேறு குறையில்லை. திரும்பி வரும்போது வரிசையில் நிற்க வேண்டாம், நேரே தன்னிடம் வரலாம் என்றார்.

மறுநாளே தலவாக்கலையில் ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்தோம். கிராம சேவகர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை மதினி வாசலை விட்டு நகரவில்லை. மறுபடி கொழும்புக்குப் புறப்பட்ட அன்று ரயில் பாதையில் மண் சரிந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே பாதி வழி போனோம்.

அதே அலுவலர் எங்களைப் பார்த்ததும் கை நீட்டிப் பத்திரங்களை வாங்கிக்கொண்டார். பிற்பகலில் என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழை என் கையிலேயே கொடுத்தார்கள். வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மதினி ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மகளின் நாக்கிலும் கொஞ்சம் தொட்டு வைத்தோம். கணவருக்குப் போன் செய்தேன். அவர் அங்கே எல்லோருக்கும் சொன்னதும், சமையலறையில் யாரோ சந்தோஷத்தில் சட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

லயத்துக்கு வந்தபோது மாமனார் வாசலிலேயே நின்றார்.

"எத்தன வருசம் ஆகும்னாங்க?"

"கையிலயே இருக்கு மாமா."

அவர் நம்பவில்லை. கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பேத்தியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தன் பெயரும் சேர்ந்திருக்கும் அவள் தகப்பன் பெயரை. கண் சிவந்திருந்தது.

மறுநாள் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு, யாரும் கேட்காமலே, என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மடுவக் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கூடையோடு வரிசையில் நின்ற ஒரு பெண், "கட்டார்க்காரி வந்துட்டா" என்று சிரித்தாள்.

"கட்டார்ல பொறந்தா, அவ்வளவுதான். இவ இந்த நாட்டு ஆளு. ஒரு வயசுக்குள்ளயே ஆயிட்டா" என்றார் மாமனார்.

பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவராக அவளை வாங்கிக் கொஞ்சினார்கள். அவர் மார்பில் கைகட்டி, அடுத்து யார் கட்டார்க்காரியா எனக் கேட்பார்கள் என்று பார்த்தபடி நின்றார்.