அப்பாவுக்குச் சுட்ட முயல்

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு முயல். துண்டு போடாமல், முழுசாகச் சுட்டு, உப்பும் மிளகும் சுள்ளென்று இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தவரை அதை நான் கொடுக்கவில்லை. சிறுநீரகம் கெட்டுவிட்டது, பிரஷர் ஏறுகிறது, உப்பைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அவர்கள் குறைக்கச் சொன்னதை நான் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். உப்பு டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியது நான். கருவாட்டை வீட்டுக்குள் விடாதது நான். கிச்சாப் என்கிற சோயா சாஸ் போத்தலை ஒளித்து வைத்ததும் நான்தான். இரண்டு வருடம் அவர் அந்த முயலைப் பற்றியே பேசினார். "ஒடம்பு சரியாவட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்" என்று இரண்டு வருடமும் சொன்னேன். உடம்பு சரியாகவில்லை.

அதனால் முதல் வருடப் படையலுக்கு முயல்தான் என்று முடிவு செய்தேன். அவர் கேட்ட மாதிரியே, குறையே இல்லாமல். அதையாவது சரியாகச் செய்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும் என்று நினைத்தேன்.

எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் தேங்காய் மட்டையைக் கொளுத்தி அவர் முயல் சுடுவார். எப்படிச் சுடுவார் என்று எனக்குத் தெரியாது. பீர் போத்தல் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடமாட்டார்கள். போனில் தேடினால் ஒரு வெள்ளைக்காரர் முயலுக்குப் பட்டரைப் பூசி, வயிற்றுக்குள் ஏதோ இலையைச் செருகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து என்ன செய்வது?

சுங்கை பஞ்சாங்கில் வயலோரமாக முயல் வளர்க்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம், பாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிறவரிடம், முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கோலசிலாங்கூரிலிருந்து அங்கே போவதற்குள் நெல் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பாதி காலை போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் தோலை உரித்து, குடலை எடுத்து, கழுவி முடித்து, வழக்கம்போலத் துண்டு போடக் கத்தியை ஓங்கிவிட்டார். "ஜாங்ஙான் போத்தோங், பாக்சிக்!" என்று கத்தினேன். வெட்டாதீர்கள் என்பதை மலாயில் அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மஞ்சளும் எலுமிச்சையும் போட்டுக் கழுவினேன். மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் அரைத்தேன். தொடைகளில் கத்தியால் கீறிவிட்டு, வெளியிலும் வயிற்றுக்குள்ளும் அழுத்தித் தேய்த்தேன். உப்பை மட்டும் அளந்து போட்டேன். ஒரு மேசைக்கரண்டி, தலை தட்டி. இரவெல்லாம் ஊறட்டும் என்று ஐஸ்பெட்டியில் வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படையலுக்குச் சமைப்பதை யாரும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. செத்தவருக்கு வைப்பதற்கு முன் நம் நாக்கில் படக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். மற்ற நாட்களில் கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்ப்பவர்கள், அன்றைக்கு மட்டும் கண்ணால்தான் உப்புப் பார்ப்பார்கள்.

மறுநாள் காலையில் அடுத்த தொல்லை. என் மனைவி கேக் சுடுவதற்கென்று வாங்கிய அவன் அடுப்புக்குள் முயல் நுழையவில்லை. தலையை உள்ளே தள்ளினால் பின்னங்கால்கள் கதவில் இடித்தன. காலை மடக்கி, நூலால் கட்டி, குறுக்கே வைத்தேன். நூல் அறுந்தது. மறுபடி கட்டினேன்.

"ஏங்க, ரெண்டா வெட்டி வச்சாத்தான் என்ன? மாமா என்ன அளந்தா பாக்கப் போறாரு?" என்றாள் மனைவி.

"வெட்டக் கூடாது" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் கால் நுனி கருகியிருந்தது. முதுகு அப்படியே பச்சையாக இருந்தது. முயலில் கொழுப்பு என்று ஒன்று கிடையாது. விட்டால் காய்ந்து செருப்பாகிவிடும். வெளியே எடுத்து, அம்மா கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தபோது, அம்பாங் பெச்சாவிலிருந்து தங்கை வந்து சேர்ந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"அவன்ல வச்சா அப்பா சாப்புடுவாராண்ணே? நெருப்புல காட்டணும் லா."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அவள் சொன்னது சரி. முயலைத் தட்டோடு அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போய்க் கரி பற்ற வைத்தேன். கரி ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். ஒருவழியாகப் பிடித்துத் தணல் சிவக்கிற நேரத்தில், வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. இலக்கியத்தில்தான் மழை அழகாக இருக்கும். நனைந்த கோழியாக உள்ளே வந்து, முயலை மறுபடியும் அவன் அடுப்புக்குள்ளேயே தள்ளினேன். அப்போதும் ஒரு கால் மடங்க மறுத்தது.

ஆனாலும் கடைசியில் நன்றாக வந்தது. பொன்னும் கருப்புமாக, மிளகு வாசத்தோடு, முழுசாக. நண்பகலில் அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, சோறு, வடை, புது வேட்டி, அவர் குடிக்கும் ஸ்டௌட் பீர் ஒரு போத்தல், நடுவில் முயலை வைத்துச் சூடம் காட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு என் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

மழை விட்டிருந்தது. காகத்துக்கு மதில்மேல் சோறும் வடையும் ஒரு துண்டு முயலும் வைத்தோம். காகம் வந்தது. முயலைக் கொத்தித் தூக்கியது, கீழே போட்டது. வடையைத் தின்றது, சோற்றைத் தின்றது, பறந்துவிட்டது.

"அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரல போல" என்றாள் தங்கை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மூத்த மகன் என்பதால் முதல் வாய் எனக்கு. தொடையிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தேன். உப்பு. கரிப்பு அல்ல, வெறும் உப்பு. நாக்கு சுருங்கிப் போனது. விழுங்கவும் முடியவில்லை, படத்துக்கு முன்னால் துப்பவும் முடியவில்லை.

"யாரு உப்புப் போட்டது?" என்றேன், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

மனைவி தங்கையைப் பார்த்தாள். தங்கை மனைவியைப் பார்த்தாள்.

"காலையில கொஞ்சூண்டு தேச்சேங்க. நீங்கதான் மாமாவுக்கு உப்பே போடமாட்டீங்களே" என்றாள் மனைவி.

"நீ வெளிய கரி ஊதிக்கிட்டு இருந்தப்ப நானும் ஒரு கை போட்டேன்" என்றாள் தங்கை. "ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்த எண்ணெயில நான் கலக்கி வச்சேன்" என்றார் மெதுவாக.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது இவர்களில் ஒருவர்கூட எனக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை போடவில்லை. கெட்ட பெயர் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டு, எல்லாரும் நல்லவர்களாக இருந்துகொண்டார்கள். இப்போது ஆளாளுக்கு அள்ளிக் கொட்டுகிறார்கள்.

"அப்ப எங்க போனீங்க எல்லாரும்?" என்று கத்தினேன். "ஒரு நாளாச்சும் என்னைய எதுத்து ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா விட்டுருப்பியா?" என்றாள் தங்கை.

விட்டிருக்க மாட்டேன். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா கையை நீட்டி, முயலின் இன்னொரு தொடையைப் பிய்த்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். சோறுகூட எடுக்கவில்லை. ஒரு வாய் தின்றார். கண் கலங்கியது, உப்பாலா வேறு எதனாலா தெரியவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். காலையும் மாலையும் பிரஷர் மாத்திரை போடுகிறவர் அவர். நான் யோசிக்கவே இல்லை. எட்டி அந்தத் தட்டின் விளிம்பைப் பிடித்துவிட்டேன்.

"ம்மா, ஒனக்குப் பிரஷர் இருக்கு. வையி கீழ."

மனைவியும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தட்டை விடவில்லை. நானும் விடவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு வாய்தான்டா" என்றார் அம்மா.

அப்பாவின் வாயிலிருந்து நான் கேட்டுச் சலித்த அதே வார்த்தை. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். இரண்டு வருடம் தினமும் சொன்ன பதில் அது. அது தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னது எல்லாம் அவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான். அவர் இருக்கவில்லை, முயலையும் தின்னவில்லை.

தட்டை விட்டேன். அம்மா அந்தத் துண்டை எலும்பு வரைக்கும் தின்றார். விட்டது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் ஒரு நாளாவது இப்படி விட்டிருக்கலாம்.