சாகுல் பாய் ஏற்றுக்கொண்ட இரண்டு நாள்

சாகுல் ஹமீது பாய் இறந்துவிட்டார் என்று போன வெள்ளிக்கிழமை காலை கைப்பேசியில் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் சிவகாசி பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்திருந்தேன். இரண்டு பேரிடம் விசாரித்தும் மனம் ஒப்பாமல் அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

எதையும் சந்தேகிப்பது என் தொழில். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேலைக்கு வருகிறவர்களிடம் தீப்பெட்டியோ கைப்பேசியோ இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே உள்ளே விடுவேன். அந்தப் புத்தி ஊருக்குள்ளும் என்னோடு வந்துவிட்டது. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், பாயை அறிந்த உங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை. அவரை அதிகம் சந்தேகித்தவன் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனிப் பொங்கல் நேரத்தில் எங்கள் பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. நான் மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டிச் செயலாளர். அவர் பள்ளிவாசல் ஜமாத் செயலாளர். ஒரு மதியம் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, கோயில் கெணத்துல சாக்கடை கலக்குதோன்னு சுகாதார ஆய்வாளர் சந்தேகப்படுறாரு. ஒங்ககிட்டயும் சொல்லச் சொன்னாரு. நீர்மோர்ப் பந்தல நிப்பாட்டி வைங்க."

"ஒங்க பள்ளிவாசலுக்கும் அதே கெணத்துத் தண்ணிதான பாய் கொழாயில வருது? அங்க நிப்பாட்டியாச்சா?"

"நேத்தே நிப்பாட்டியாச்சு. வந்து பாருங்க. பாக்காம சந்தேகப்படாதீக."

நான் போகவில்லை. எங்கள் விழாவைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கமிட்டியில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அந்தத் தண்ணீரிலேயே மோர் கரைக்க விட்டேன். மூன்றாம் நாள், தொழுகை நேரமாகப் பார்த்துப் பள்ளிவாசல் பக்கம் போனேன். கை கால் கழுவும் தொட்டி காய்ந்து கிடந்தது. குழாய்களைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அன்று மாலையே பந்தலை மூடினேன்.

தண்ணீர் கெட்டுவிட்டது என்று சோதனை முடிவு வந்தது. ஆய்வாளர் எல்லோரையும் கூட்டி, "கோயில் பந்தல மூட ரெண்டு நாள் ஏன் லேட்டு?" என்று சத்தம் போட்டார்.

"கோயில்ல போயி சொல்ல நாந்தான் சார் மறந்துட்டேன்" என்றார் பாய்.

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "இன்னும் ஒரு மாசம் கோயில், பள்ளிவாசல், சர்ச்சுன்னு மூணு தெருவும் சேந்து தண்ணி கொதிக்க வைக்கணும். ஒங்க பேரு வெளிய வந்தா கோயில்காரக ஒதுங்கிருவாக" என்றார். அதையும் நான் நம்பவில்லை. என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்றே தோன்றியது.

மறுநாள் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாக்கள் எங்கள் பந்தலுக்கு வந்தன. லாரித் தண்ணீரை அதில் கொதிக்க வைத்தோம். எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று சர்ச் உபதேசியார் ஒலிபெருக்கியில் ஓயாமல் சொன்னார். விரதமிருந்த பெண்கள் அண்டாவைப் பார்த்துத் தயங்கினார்கள். காப்புக் கட்டிய கையால் முதல் தம்ளரை நான் குடித்தேன். புதிதாக நோயில் விழுகிறவர்கள் குறைந்தார்கள்.

ஆனால் என் தம்பி மனைவி செல்வி விழுந்தாள். காரியாபட்டியில் தாய்வீட்டில் இருந்தவள், விழாவுக்கு வந்து அந்த இரண்டு நாளும் மோர் குடித்திருந்தாள். மூன்றாவது வாரம் கண் மஞ்சளானது. அவள் பிழைத்தாள், வயிற்றிலிருந்த பிள்ளை தங்கவில்லை. பாயின் மறதிதான் காரணம் என்று உறவு முழுக்கப் பேசியது. நான் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அவர் எதிரே வரும்போதெல்லாம், இன்று ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். "செல்விக்கு ஒடம்பு தேவலையா?" என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை. பேருந்து நிலையத்திலும் அதைத்தான் கேட்டார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "ரெண்டு வருசமா அந்த மனுசன் மொகத்தப் பாக்காமலே போயிட்டேனே" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்களிலும் பலர் அவரைக் குறை சொன்னீர்கள். பாய் எதையும் மறக்கவில்லை. எனக்காக அவர் சுமந்த அந்த இரண்டு நாளும் என்னுடையவை. அவரிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொள்வது அவற்றைத்தான்.