கமிட்டி உறுப்பினர் ஷேக் முகைதீன்

ஷேக் முகைதீனுக்கு உட்காரத் தெரியாது. பூனாவின் கராடியில் இருக்கும் அவருடைய ஏசி ரிப்பேர் கடைக்குப் போனவர்கள் யாரும் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கடைக்காரனின் இன்வெர்ட்டர் ஏன் கத்துகிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். போன இடத்தில் வேறு எதையாவது பிரித்துப் போட்டுவிட்டு, வந்த காரியம் மறந்து திரும்புவார். மீசை முளைக்கிற வயதில் கடையநல்லூரிலிருந்து பூனாவுக்கு வந்தவர். அங்கே கேம்ப் என்ற பகுதியில் ஒரு கடையில் ஃபிரிட்ஜ் சுமந்து, திட்டும் அடியும் வாங்கி, பெரிய மெக்கானிக் அசந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தே தொழில் பழகினார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் அவருக்குக் கோபம் உண்டு, பெருமையும் உண்டு. எது எவ்வளவு என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் ஒரு கமிட்டியில் போட்டார் ஐ.டி.ஐ. முதல்வர் அம்மாள். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த ஐ.டி.ஐ.யில் சோதனை முயற்சியாக ஒரு புது ஏற்பாடு வந்திருந்தது. எந்தப் பிரிவுக்கு அரசுப் பணம் போக வேண்டும், பிள்ளைகளை எந்தப் பட்டறைக்கு அப்ரெண்டிஸாக அனுப்ப வேண்டும், அவர்களுக்குத் தரும் உதவித்தொகையில் எவ்வளவை அரசு முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் இனி மும்பையில் இருக்கிற ஓர் அதிகாரி முடிவு செய்ய மாட்டார். உள்ளூர்க் கமிட்டியே முடிவு செய்யும். அதில் சிறு முதலாளிகள் தரப்பில் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். அம்மாள் வீட்டு ஏசியைச் சரிசெய்து கொடுத்தவர் என்பதால் இவர் பெயர் ஏறிவிட்டது.

“ஒரு சம்பந்தம் பேசப் போனாலே அஞ்சு நிமிசத்துல வாசல்ல போய் நின்னுக்கிடுவிய. கமிட்டியில போய் என்ன செய்யப் போறிய?” என்று அவர் மனைவி ஹசீனா கேட்டாள்.

நின்றார். வேறென்ன செய்வார்? தலைவர் கானிட்கர், ஒரு பெரிய கம்பெனியில் உயர்ந்த பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், மேசையின் நடுவில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஷேக் முகைதீன் மட்டும் ஜன்னலோரம் நின்றுகொண்டு கேள்வி கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சாக்கன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கதை வெளியே வந்தது. ஃபிட்டர் வேலை பழக அனுப்பிய பிள்ளைகளை அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வைத்திருந்தார்கள். வருகைப் பதிவு சுத்தமாக இருந்தது. அரசுப் பணமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

மனிதருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தன் கடையநல்லூர் இந்தியில் ஒரு பிடி பிடித்தார்.

“நான் அடி வாங்கினேன் சாப். ஆனா வேலை கத்துக்கிட்டேன். இந்தப் பிள்ளைங்களுக்கு அடியும் இல்லை, வேலையும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டறதுக்கா சர்க்கார் பணம் குடுக்குது?”

அதோடு நிற்காமல் யோசனையும் சொன்னார். பணம் முழுவதையும் முன்னாலேயே கொடுக்கக்கூடாது. என்ன கற்றுக்கொண்டேன் என்று அந்தப் பிள்ளையே கமிட்டியில் வந்து சொன்ன பிறகுதான் பாதிப் பணம் போக வேண்டும். கற்றுத் தராத பட்டறையைக் கை தூக்கி வாக்கெடுத்து நீக்க வேண்டும். நீக்கினால் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றி, அரசுச் செலவிலேயே இன்னும் ஆறு மாதம் பழக விட வேண்டும், பரீட்சையையும் தள்ளிவைக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்க, பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்குக் கமிட்டியிலேயே இடம் கொடுக்க வேண்டும்.

“ரொம்ப நல்ல யோசனை” என்றார் கானிட்கர், அது காகிதத்தோடு போய்விடும் என்ற நம்பிக்கையில். போகவில்லை. முதல்வர் அம்மாள் விடாப்பிடியாக நின்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். அன்றைக்கு ஷேக் முகைதீனின் கால் தரையில் பாவவில்லை.

கடையில் அவருக்கும் ஓர் அப்ரெண்டிஸ் இருந்தாள். ரெனிட்டா. கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அம்மா கிருபாவதி பள்ளிக்கூட டீச்சர். மகள் பி.காம். படிப்பாள் என்று அவர் நினைத்திருக்க, மகளோ அடம்பிடித்து ஐ.டி.ஐ.யில் ஏசி பிரிவில் சேர்ந்துவிட்டாள். ஒரு வேன், ஒரு ஏணி, ஒரு கேஸ் சிலிண்டர், கதவில் தன் பெயர். இவ்வளவுதான் அவள் ஆசை. அதற்குக் கடைசியில் ஒரு செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். டார்ச் நெருப்பால் காப்பர் பைப்பைப் பற்றவைத்து ஒட்டி, ஏசியில் கேஸ் ஏற்றிக் காட்ட வேண்டும்.

அவள் வந்த முதல் வாரம், ஷேக் முகைதீன் ஏணி மேல் இருந்தபோது கடை போன் அடித்தது. ரெனிட்டா எடுத்தாள். மராத்தியில் பேசியவருக்கு மராத்தியில் பதில் சொன்னாள், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்களிடம் தட்டுத்தடுமாறித் தமிழிலும் பேசினாள். அவர்களுக்கு அதுவே தேனாக இருந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் வாகட்டிலிருந்துகூட ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைக்குப் புதிதாக இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ரெனிட்டாவுக்கு மெத்தை வைத்த நாற்காலி வந்தது, தனியாக ஒரு ஃபேன் வந்தது, வேளாவேளைக்கு இஞ்சி டீ வந்தது. டார்ச் மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

“என் மக மிஸ்பா மாதிரி பாத்துக்கிடுதேன்” என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அது பொய் இல்லை. பதினாலாவது மாடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று உண்மையிலேயே பயந்தார். அந்தப் பயம் பாதிதான். மறுபாதி, அவள் எழுந்து போனால் போனை யார் எடுப்பது என்பது. நல்ல மனிதர்களிடம் இதுதான் தொல்லை. தங்களுக்குச் சௌகரியமானதைச் செய்துவிட்டு, அடுத்தவருக்கு நல்லது செய்ததாகத் தூங்கிவிடுவார்கள்.

ரெனிட்டா கேட்காமல் இல்லை. “பாய், சைட்டுக்கு நான் எப்ப வர்றது? எக்ஸாம்ல பைப் பத்த வைக்கச் சொல்லுவாங்க. மத்லப்... அதாவது, டார்ச் நான் தொட்டதே இல்லை.”

“நாளைக்குப் போவோம் புள்ள. கட்டாயம்.”

பிள்ளைகள் கமிட்டிக்குத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நன்றாகப் பேசுகிறவள் என்று ரெனிட்டாவையே தேர்ந்தெடுத்தார்கள். ஷேக் முகைதீன் தெரு முழுக்கப் பேடா கொடுத்தார். தான் கட்டிய கண்ணியில் தானே கால் வைக்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. சத்தியமாக உறைக்கவில்லை. அவர் கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்ட வைப்பவன் அநியாயக்காரன், டீ வாங்கிக் கொடுப்பவன் எப்படி அநியாயக்காரன் ஆவான்?

மதியச் சாப்பாட்டின்போது ஹசீனாதான் கேட்டாள். “அந்தப் புள்ளைக்கு கேஸ் ஏத்தத் தெரியுமா?”

“பேச்சுல கெட்டிக்காரி. கஸ்டமரெல்லாம் அவளைத்தான் கேக்குதாவ.”

“நான் அதையா கேட்டேன்? நீங்க அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்திய?”

 ஷேக் முகைதீன் மீன்குழம்புத் தட்டோடு பால்கனிக்குப் போனார், அங்கிருந்து அடுக்களைக்கு வந்தார், மறுபடி பால்கனிக்குப் போனார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மறுநாள் முதல் வேலையாக ரெனிட்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு லோஹேகாவில் ஒரு வீட்டுக்குப் புறப்பட்டார். விமான நிலையச் சாலையைக்கூட எட்டவில்லை, கடையில் போன் எடுக்க ஆளில்லை என்று மெக்கானிக் கூப்பிட்டுவிட்டான். ஒரு பெரிய அபார்ட்மென்டின் வருடாந்திர ஒப்பந்தம் லைனில் காத்திருந்தது. ஷேக் முகைதீன் வண்டியைத் திருப்பினார்.

“நாளைக்கு” என்றார்.

 ரெனிட்டா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ரேடியோவைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

கமிட்டி கூடியது. ரெனிட்டா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், இவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவள் இங்கே வந்துவிட்டதால் கடை போனுக்கு வரும் அழைப்பெல்லாம் இவர் பையில் இருக்கும் போனுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அது ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சாக்கன் தொழிற்சாலையை நீக்க எல்லாரும் கை தூக்கினார்கள். இவரும் தூக்கினார், ஆனால் பழைய வேகம் இல்லை. அடுத்தது இவருடைய கடை.

“நீயே அங்கேதானே இருக்கிறாய், சொல்லம்மா” என்று முதல்வர் அம்மாள் இந்தியில் கேட்டார். “பைப் பற்றவைப்பாயா?”

“இல்லை மேடம்.”

“கேஸ் ஏற்றியிருக்கிறாயா?”

“தொட்டதில்லை. நான் போன் எடுக்கிறேன். பாய் ஒரு நாளும் என்னை அதட்டிப் பேசினதில்லை. டீ, சாப்பாடு எல்லாம் நன்றாகக் கவனிப்பார். ஆனால் எனக்கு வேலை தெரியாது.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார், எளிதாக இருந்திருக்கும். வெட்கம் காதுவரை ஏறியது. தெரு முழுக்கப் பேடா கொடுத்த கை எங்கே போவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

கானிட்கர் தொண்டையைச் செருமினார். ஷேக் முகைதீனைக் கவிழ்க்க நேரம் பார்த்துக் காத்திருந்தவர் இல்லை அவர். சண்டை சச்சரவு வேண்டாம் என்று நினைப்பவர். “நம்ம ஆள்தானே. பெண்பிள்ளை என்று பார்த்து நடந்திருக்கிறார். இனிமேல் கற்றுக் கொடுத்துவிடுவார். இதை வாக்குக்கு விட வேண்டியதில்லை. என்ன ஷேக் சாஹிப்?”

வழி திறந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும். கடையும் தப்பும், பெயரும் தப்பும், போன் எடுக்க ஆளும் இருக்கும். பரீட்சையில் ரெனிட்டா பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பாள். அவ்வளவுதான்.

“நாளையிலேருந்து நானே கூட்டிட்டுப் போய்ச் சொல்லித் தரேன்” என்றார் ஷேக் முகைதீன். சொல்லும்போது அவர் உண்மையாகவே சொன்னார்.

ரெனிட்டா அவரைப் பார்த்தாள். அந்த அறையில் வேறு யாருக்கும் புரியாத தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்கு போன் யார் எடுப்பாங்க, பாய்?”

பையில் போன் மறுபடி அதிர்ந்தது.

அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல்வர் அம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் நீட்டினார். குடித்துவிட்டு, “நம்ம கடையை லிஸ்ட்லேருந்து எடுத்துருங்க சாப்” என்றார் இந்தியில். கானிட்கர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். “விதி நான் போட்டதுதான். எடுத்துருங்க. புள்ளையை நல்ல இடமாப் பாத்து அனுப்புங்க” என்றார். முதல் கை அவருடையதுதான் உயர்ந்தது. ரெனிட்டாவின் கை கடைசியாக உயர்ந்தது, அதுவும் பாதிதான். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. யாரை நினைத்து என்று கேட்டால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

ரெனிட்டா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஏசி பிளான்ட்டுக்குப் போய்விட்டாள். முதல் நாளே கையில் சின்னதாகச் சூடு பட்டுக்கொண்டாளாம். கிருபாவதி டீச்சர் ஹசீனாவுக்குப் போன் செய்து, கவலையும் பெருமையுமாகச் சொன்னார்.

கடையில் போன் அடித்தது. இரண்டு மெக்கானிக்குகளும் வெளியே போயிருந்தார்கள். ஷேக் முகைதீனே எடுத்தார்.

“ஹலோ, மேடம் இல்லையா?” தமிழ்ப் பையன். கராடியில்தான் எங்கோ ஓர் அபார்ட்மென்ட்.

“இல்ல தம்பி. அவ வேலை கத்துக்கப் போயிருக்கா.”

“அப்படியா? ஒரு வருஷமா அங்கதானே இருந்தாங்க?” பையன் வெள்ளந்தியாகக் கேட்டான். “அப்ப அங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

ஷேக் முகைதீன் போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

“ஹலோ? சார், இருக்கீங்களா?”