வால்பாறைக்குப் போன கிரானோலா

என் மனைவிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோது, கலந்தாய்வில் அவள் முறை வருகையில் மிச்சமிருந்தது வால்பாறைப் பள்ளி ஒன்றுதான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அந்த மாதமே கோவை ஆர்.எஸ்.புரத்து வீட்டிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு குக்கரும் மலையேறின. வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் கிளம்பி வருவாள். ஞாயிறு மதியம் உக்கடத்தில் பஸ் ஏற்றிவிடுவேன். நடுவில் இருக்கிற நாட்களுக்கு நான் தனியாள்.

எனக்கு வேலை இல்லாமல் இல்லை. பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், கம்பெனி மூடிய பிறகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வால்வுகள் வரைந்து அனுப்புகிறேன். ஆனால் அவள் போன பிறகு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பேன். மோட்டாரை நிறுத்தினேனா என்று பார்ப்பேன். யாரும் இல்லாத அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். திரும்பி வந்தால் எந்தக் கோட்டில் விட்டேன் என்பது மறந்திருக்கும்.

மூன்றாவது வாரமோ என்னவோ, காலையில் சமைக்க நேரமில்லாமல் டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனதாகப் போனில் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் எதையெதையோ தேடிக்கொண்டிருந்தபோது கிரானோலா செய்கிற வீடியோ ஒன்று வந்தது. ஓட்ஸையும் பருப்புகளையும் இனிப்புப் பாகில் புரட்டி ஓவனில் மொறுமொறுப்பாக வறுத்து வைத்துக்கொண்டால் போதும், காலையில் பாலை ஊற்றிச் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்ஸ் வாங்கப் போனேன்.

என்றோ ஒரு கல்யாண நாளுக்கு வாங்கி, இரண்டு முறை கேக் செய்துவிட்டு உறை போட்டு மூடிய ஓவன் வீட்டில் இருந்தது. முதல் தடவை உலர் திராட்சையையும் சேர்த்தே உள்ளே வைத்துவிட்டேன். அது கூழாங்கல்லாக வெளியே வந்தது. இரண்டாம் தடவை நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்த்ததில் சூடெல்லாம் போய்விட்டது. சரி, இனித் திறப்பதில்லை என்று முன்னறைக்குப் போய் நடந்துகொண்டிருந்தேன். அடி முழுக்கக் கருகிப்போனது.

அடுத்த தடவை, வீடியோவில் சொன்ன தேனை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரையைக் காய்ச்சிப் பாகாக்கினேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், கொஞ்சம் ஏலக்காய், நிலக்கடலை, மெலிதாகச் சீவிய கொப்பரை, பூசணி விதை. வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். ஓவனிலிருந்து எடுத்ததும் ஆறுகிற வரை கை வைக்கக் கூடாது, அப்போதுதான் கட்டி கட்டியாக நிற்கும். என்னால் அது முடியவில்லை. கரண்டியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்து, கடைசியில் கிளறியேவிட்டேன். பாதி உதிர்ந்து தூளாகிவிட்டது. மிச்சத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றிக் கொடுத்தேன். மென்று பார்த்துவிட்டு, “நல்லாத்தானுங்க இருக்குது” என்றாள். அந்தத் ‘தான்’ அப்போது என் காதில் விழவில்லை.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு டப்பா போனது. செவ்வாய்க்கிழமை சாமான் வாங்குவேன். புதன்கிழமை கொப்பரை சீவுவேன். வியாழக்கிழமை ஓவன். தினமும் காலை ஏழரைக்குப் போன் செய்து சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். ஆச்சுங்க என்பாள். காலி டப்பாவைக் கேட்டால் மறந்துவிட்டதாகவும் அடுத்த வாரம் கொண்டுவருவதாகவும் சொல்லுவாள். நான் புது டப்பா வாங்கினேன்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை பேசினாள். அதன் பிறகு லைன் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக, அந்த வாரத்து கிரானோலாவை இரண்டு நாள் முன்னதாகவே செய்துமுடித்தேன். எப்போது அழைத்தாலும் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற அதே குரல். மலையில் மழைக்கு லைன் போவது வழக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் புதன்கிழமை காலை டப்பாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் மண் சரிந்து, எதிரே வந்த வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் என் மனம் போகாத இடமில்லை.

நான் போய்ச் சேரும்போது பள்ளியில் மதிய உணவு நேரம். அவள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வராந்தாவில் நின்று பிள்ளைகளை வரிசையாக உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

“ஏனுங்க, என்ன ஆச்சுங்க? யாருக்கு என்ன?”

யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். போன் கிடைக்கவில்லை என்றேன். பிறகு, இது தீர்ந்திருக்கும் என்று கொண்டுவந்தேன் என்று பையைத் தூக்கிக் காட்டினேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வீடு பள்ளிக்குப் பின்னால்தான், ஓர் அறையும் சமையற்கட்டும். டப்பாவை வைக்க இடம் தேடியபோது அலமாரியின் அடித்தட்டில் என் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஐந்து. இரண்டைத் திறந்து கொஞ்சம் எடுத்திருந்தாள். ஈரக்காற்றுக்கு உள்ளே இருந்தது நமுத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் நான் ஒட்டிய டேப்போடு அப்படியே இருந்தன. அவள் வரும்வரை அந்தச் சின்ன அறைக்குள் எத்தனை முறை நடந்தேனோ தெரியாது.

நாலரைக்கு வந்தாள். குடையை மடக்கும்போதே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“ஏன் அம்மணி எங்கிட்டச் சொல்லலே?”

“இந்தக் குளுருக்குக் காலைல சூடா ஏதாச்சும் வேணுங்க. பாலூத்தித் திங்க முடியறதில்லீங்க.”

“அப்புறம் எதுக்கு வாராவாரம் வாங்கீட்டு வந்தே?”

அவள் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

“வேண்டாம்னு சொல்லிப்போட்டா வாரம் பூராவும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சனுங்க” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் மழையோடு நடந்தேன். திரும்பி வந்தபோது கணுக்காலில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன. அவள் உப்பை வைத்து அவற்றை விடுவித்துவிட்டு, ரத்தம் நிற்கும்வரை துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நர்ஸம்மா தோசைக் கல்லோடு வந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை. மாவு அவருடையது, சட்னி என் மனைவியுடையது. ஒரு மாதத்துக்கும் மேலாக இருவருக்கும் காலைச் சாப்பாடு சேர்ந்துதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்கு இருவரும் போய்வந்த கதையைப் பேசினார்கள். நடுநடுவே என் மனைவி சிரித்தாள். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த தோசையை நான் தின்றேன். உண்மையில் அந்தக் குளிருக்கு அது அமிர்தமாக இருந்தது. கிளம்பும்போது நர்ஸம்மா, “பிரிக்காத டப்பா ரெண்டை நான் எடுத்துக்கட்டுங்களாண்ணா? ஆஸ்பத்திரில சாயங்காலம் டீயோட கொறிக்க நல்லாருக்கும்” என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கோவைக்கு வந்த பிறகு இரண்டு வாரம் ஓவனைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் எனக்கு மட்டும் கால் கிலோ செய்துகொண்டேன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. விண்ணப்பம் போட்டாயா என்று ஒரு சனிக்கிழமை கேட்டேன்.

“இந்த வருஷம் போடலீங்க. பத்தாவதுக்குப் போற பிள்ளைகளைப் பாதியில உட்டுப்போட்டு வர மனசு வரலீங்க.” பிறகு, துவைத்த துணியை மடித்தபடியே சொன்னாள்: “கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு நீங்களும் வாங்களேன். இப்ப நெட்டு நல்லா வருதுங்க.”

பார்க்கலாம் என்றேன். அன்று மதியமே கம்ப்யூட்டரை வைக்க அட்டைப்பெட்டி கேட்டு இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

இப்போது மாதத்தில் பாதி நாள் மேலே வால்பாறையில், பாதி நாள் கீழே கோவையில். மேலே இருக்கும்போது கோவை வீட்டு கேஸை மூடினேனா என்று தோன்றும். கீழே இருக்கும்போது அங்கே மழை எப்படி என்று கேட்கிறேன். பெய்யுதுங்க, நீங்க எப்பங்க வாறீங்க என்கிறாள்.