வண்டியை நிறுத்திப் பேசியவை

என் அக்கா முத்தாயியின் வீட்டுக்காரர் ராசாங்கம் இருபத்தாறு வருஷம் சிமெண்ட் லாரி ஓட்டினார். அரியலூரில் லோடு ஏற்றினால் கேரளாவில் இறக்கிவிட்டுத்தான் திரும்புவார். விக்கிரமங்கலத்தில் தன் வீட்டு வாசலில் நின்று அவர் யாரையாவது கூப்பிட்டால், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. "மைக்செட்டுக்காரன்லாம் எங்கிட்ட பிச்ச வாங்கணும்டா மாப்ள" என்பார். என் கல்யாணப் பந்தியை ஒற்றை ஆளாகக் குரலாலேயே நடத்தி முடித்தவர். யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் புகையிலை தன் வேலையைக் காட்டியது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்போதே பாதிக் குரல் போய்விட்டது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் பேசுவது புரியும். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிரவீணா என்ற பெண்தான் ஒரு வழி சொன்னது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க டைப் பண்ணுனா போன் பேசும் சார். நீங்க நல்லா இருந்தப்ப பேசுன பழைய ரெக்கார்டு அரை மணி நேரம் கெடச்சா, அத வச்சு உங்க கொரல்லயே பேச வைக்கலாம். ஆனா பின்னாடி எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது."

அது கிடைக்காவிட்டால் போனில் ஏற்கெனவே இருக்கிற பெண் குரல்தான் என்று போட்டும் காட்டியது. மாமா முகம் சுருங்கிப் போனது. "இது பேங்க்லேருந்து பேசுற புள்ள மாதிரில்ல இருக்கு. லாரி ஆபீஸ்ல சிரிப்பானுங்க மாப்ள. எப்புடியாச்சும் எங்கொரல எடுத்துக் குடுத்துரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு செல்போன் கடை. அதனால் வேலை என் தலையில் விழுந்தது. மாமா எப்போதும் டைப் செய்ய மாட்டார். எதுவானாலும் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ்தான். ஏழு வருஷத்து மெசேஜ் அக்கா போனில் அப்படியே இருந்தது. கேட்டதும் எடுத்து நீட்டினாள்.

"அர மணி நேரந்தான? நெறயாக் கெடக்கும்டா மணிவேலு, எடுத்துக்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடையில் ஆரம்பித்தேன். மொத்தம் நானூற்றுச் சொச்சம். இரைச்சல் உள்ளதைச் சிவப்பாகவும் சுத்தமானதைப் பச்சையாகவும் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்தது. 'லோடு ஏத்திட்டேன்', 'பாலக்காடு தாண்டிட்டேன்', 'காலைல வந்துருவேன்' எல்லாம் சிவப்பு. லாரி இரைச்சலில் குரல் அமுங்கிக் கிடந்தது. பச்சை அறுபத்திரண்டு. அவர் உற்சாகமாக ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பச்சையைத் தட்டினேன்.

"ஏண்டி, போன் அடிச்சா எடுக்க மாட்டியா? எவன்கூடப் பேசிக்கிட்டுக் கெடக்க?"

பக்கத்தில் நின்று கத்துவது போல அத்தனை சுத்தம். "என்ன மாமா, செம சூடு போலருக்கு" என்று சிரித்தேன். அடுத்ததைத் தட்டினேன். அது இதற்கு மேல். ஐந்தாவதில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சிலதை இங்கே எழுத என் கை வரவில்லை. கூடப்பிறந்தவன் காதால் கேட்கக் கூடாதவை.

"வண்டிய நிறுத்திட்டுப் பேசுனீங்களா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

சாதாரணப் பேச்சை ஓட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். திட்டுவதற்கு மட்டும் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சாவகாசமாகத் திட்டியிருக்கிறார். ஒரு நல்ல வார்த்தைக்காக அந்த லாரி ஒரு தடவைகூட நிற்கவில்லை. தங்கமான மனுஷன் என்று நானும்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாற்பதாவதோ என்னவோ, அதன் தேதியைப் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அப்பா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது.

"மூணு நாளாச்சு. ஒங்கப்பன் செத்தா சொல்லி வுடுவாங்க. நான் வரப்ப நீ வூட்டுல இல்லன்னா, அப்புறம் அந்தப் பக்கமே போயிக்க."

அன்று சாயங்காலம் அக்கா காரணம் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டாள். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். கேதத்துக்கு வந்தவளை அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் நான் கேட்டேன், "பெத்த அப்பன விட ஒனக்கு வூடு பெருசாப் போச்சா?" என்று. அவள் அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் பொங்கல் சீரை நான் கொண்டுபோகாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். 'மாமா தங்கம், நம்மாள்தான் சரியில்லை' என்று என் பெண்டாட்டியிடம் வேறு சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தேற்றவில்லை. எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. துண்டுக்குள்ளிருந்து காற்று மட்டும் வந்தது. "வேணாம் மாப்ள. எங்கொரலு வேணாம். அந்தப் புள்ள கொரலே போதும்."

சரியான ரெக்கார்டு எதுவும் சிக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, வுடு" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். மாமா ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். போனிலிருந்த பெண் குரல் கணீரென்று அக்காவைக் கேட்டது. "முத்தாயி, நீ சாப்பிட்டாயா?"

"சாப்டேங்க" என்றாள் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "இந்த வூட்டுல எங்கிட்ட இதக் கேட்ட மொத ஆளு இந்தப் புள்ளதான்டா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் நிறையத் தட்டினார். மன்னித்துக்கொள் என்றும் தட்டினாராம், அக்காதான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா விஷயத்தில் அவளைச் சொன்ன சொல்லுக்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இத்தனைக்கும் என் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை.